படம் எழுதிய பயணி

ஆக்ஸ்ஃபோர்டு நகரத்து அஷ்மோலியன் அருங்காட்சியகத்தில், சுவரில் மாட்டப்படாத ஓவியங்களை முன்கூட்டியே சொல்லிவைத்தால் மேசைமீது எடுத்துவைத்துக் காட்டும் அறை ஒன்று இருக்கிறது. மகளின் பேறுகாலத்துக்காக ஏழு மாதம் அந்த ஊரில் தங்கியிருந்தபோது, குழந்தை தூங்கும் பகற்பொழுதுகளில் நான் அங்கே போய்வரத் தொடங்கினேன். கைப்பையை வெளியே வைத்துவிட வேண்டும், பேனாவுக்கு அனுமதியில்லை, பென்சில் மட்டும் கொண்டுபோகலாம். இருபத்தெட்டு ஆண்டுகள் பள்ளியில் ஓவிய ஆசிரியையாக இருந்தும், மூல ஓவியம் ஒன்றை அரையடி தொலைவில் கண்ணாடித் தடுப்பின்றிப் பார்த்தது எனக்கு அதுதான் முதல்முறை.

அன்று என்முன் வைக்கப்பட்டது எட்வர்ட் லியர் என்ற 19ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயர் கிரேக்கத்தில் செய்த மலைக்காட்சி. ஒலிவ மரங்கள், அவற்றுக்கு அப்பால் ஒரு பள்ளத்தாக்கு, அதற்கும் அப்பால் நீலமாகக் கரைந்துபோகும் மலைத்தொடர். கோடுகள் பழுப்பு மையில் இருந்தன. அவற்றின்மேல் மூன்று நான்கு மெல்லிய நீர்வண்ணப் பூச்சுகள். தாளின் பெரும்பகுதி வெறுமையாகவே விடப்பட்டிருந்தது. குனிந்து பார்த்தபோதுதான் அந்தத் தாள் முழுவதும் எழுத்து இருப்பதைக் கண்டேன். மூலையில் இடத்தின் பெயர், நாள், மணி, வரிசை எண். மலையின் மடிப்பில், மரத்தின் நிழலில், பாறையின் முகத்தில் சின்னச் சின்னச் சொற்கள்: இங்கே காவி, இங்கே சாம்பல், இங்கே இருட்டு. பாறை என்பதற்கான ஆங்கிலச் சொல்லை அவர் எழுத்து மாற்றி, ஒலிக்கிறபடி ‘ராக்ஸ்’ என்று மூன்றே எழுத்தில் எழுதியிருந்தார். அது அவர் தாள்களில் அடிக்கடி வரும் வழக்கம் என்று பின்னர் அறிந்தேன்.

தமிழில் நாம் படம் வரைகிறோம், தீட்டுகிறோம். ஆனால் ‘ஓவியம் எழுதுதல்’ என்பதும் நம் பழைய வழக்கு. அந்தத் தாளைப் பார்த்த நிமிடத்தில் அந்த வழக்கின் பொருள் எனக்கு வேறொரு வகையில் விளங்கியது. ஓய்வு பெற்றபின் நீர்வண்ணத்தில் நான் பட்ட சிரமங்கள் பலவற்றுக்கு அந்த மனிதரின் வாழ்க்கையிலும் பழக்கத்திலும் தீர்வு கிடைத்ததால், நான் கற்றவற்றை இங்கே எழுதிவைக்க விரும்புகிறேன்.

லியர் 1812ஆம் ஆண்டு மே 12 அன்று லண்டனின் வடபுறத்தில் இருந்த ஹாலோவேயில் பிறந்தார். தந்தை பங்குத் தரகர். வீட்டில் இருபதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் பிறந்திருக்க, இவர் கடைசியை ஒட்டிப் பிறந்தவர். குடும்பத்துக்குக் கடன் நெருக்கடி வந்தபோது, தன்னைவிட 21 வயது மூத்த அக்காள் ஆன் அவரை எடுத்து வளர்த்தார். படிக்கவும் பூக்களைப் பார்த்து வரையவும் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். பதினைந்து பதினாறு வயதிலேயே படம் விற்றுச் சாப்பிட வேண்டிய நிலைமை லியருக்கு வந்தது. 18 வயதில், 1830இல், லண்டன் விலங்கியல் கழகத்தின் பூங்காவில் உயிருள்ள கிளிகளைப் பார்த்து வரைய அனுமதி பெற்றார். அக்காலத்துப் பறவைப் படங்கள் பெரும்பாலும் பாடம் செய்து பஞ்சு அடைத்த உடல்களைப் பார்த்துச் செய்யப்பட்டவை. லியர் கூண்டுக்குள் அசைந்துகொண்டிருக்கும் பறவையை அளவெடுத்து வரைந்தார். 42 கற்பதிப்புப் படங்கள் கொண்ட அந்தக் கிளித் தொகுப்பு, சந்தாதாரர் 175 பேருக்கு மேல் போகக்கூடாது என்ற வரையறையுடன் 1832 வரை பகுதி பகுதியாக வெளிவந்தது. அதற்கான ஆயத்தப் படங்களின் ஓரங்களில் அவர் வண்ணத் தீற்றல்களும் குறிப்புகளும் இட்டுவைத்திருக்கிறார். நான் கிரேக்கத்துத் தாளில் கண்ட பழக்கத்தின் வேர் அங்கே கிளிக் கூண்டின் முன்னாலேயே இருந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். கிளி நிற்காது; அதன் சிறகு நிறம் கண்முன் இருக்கும்போதே குறித்துக்கொள்ளாவிட்டால் பிறகு கிடைக்காது.

பிறகு பன்னிரண்டாவது டெர்பி பிரபுவின் மகனும் வாரிசுமான, விலங்குகளை வளர்த்த பிரபுவுக்காக நோஸ்லி மாளிகையில் வேலை செய்தார். நுணுக்க வேலையில் கண்பார்வை தளர்ந்தது, நெஞ்சுச் சளி குளிரைத் தாங்கவில்லை. 1837இல் ரோமாபுரிக்குப் போனவர் அதன்பின் இங்கிலாந்தில் நிலையாகத் தங்கவேயில்லை. இடையில் 1846இல் விக்டோரியா அரசிக்குப் பன்னிரண்டு ஓவியப் பாடங்கள் எடுத்தார். அதே ஆண்டு அவருடைய வேடிக்கைப் பாடல் நூலும் வந்தது. உலகம் அவரை இன்றும் அந்தப் பாடல்களுக்காகவே நினைவில் வைத்திருக்கிறது. தன்னை அவர் எப்போதும் நிலக்காட்சி ஓவியர் என்றே சொல்லிக்கொண்டார்.

அவர் பயணங்களின் பட்டியலைச் சொல்லி முடியாது: இத்தாலியின் தெற்கு, கிரேக்கம், அல்பேனியா, எகிப்து, அதோஸ் மலை, பாலஸ்தீனம், கிரீட், கோர்சிகா. 1848இல் அல்பேனியாவின் எல்பசான் நகரில் அவர் அமர்ந்து வரையத் தொடங்கியதும் ஊரே கூடிவிட்டது. ஒருவர் ஆவேசமாக ‘ஷைத்தான் ஸ்க்ரூ’ என்று கத்தினாராம். சைத்தான் எழுதுகிறான் என்று பொருள். அந்த மொழியிலும் எழுதுவதற்கும் வரைவதற்கும் ஒரே வினைச்சொல் வந்திருப்பதைப் படித்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது. ஓரிடத்தில் கல்லும் குச்சியும் அவர்மீது விழுந்தன. அதன்பின் தன் தொப்பியைக் கழற்றிவிட்டு அந்நாட்டார் அணியும் சிவப்புக் குல்லாவை அணிந்துகொண்டார், தொந்தரவு குறைந்தது.

வெளியிடத்தில் வரையும் எவருக்கும் இந்த நிகழ்ச்சி பயன்படும். மாமல்லபுரத்தில் நான் அகலமான வெயில் தொப்பியும், மடக்கு நாற்காலியும், மூன்றுகால் தாங்கியுமாக உட்கார்ந்தபோது பத்து நிமிடத்துக்குள் முப்பது பேர் சூழ்ந்துகொள்வார்கள். இப்போது சாதாரணக் கைத்தறிப் புடவையில், மடியில் ஓர் அட்டையை வைத்துக்கொண்டு, சுவரையோ பாறையையோ முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி பார்த்து உட்கார்கிறேன். பின்னாலிருந்து எட்டிப் பார்க்க வழியில்லாதபோது கூட்டம் தானே கலைந்துவிடுகிறது. எதிரே வந்து நிற்கும் பிள்ளைகளிடம், ‘அந்தக் கல் என்ன நிறம், சொல்லுங்கள்’ என்று கேட்பேன். அவர்கள் சொல்வதையும் தாளில் எழுதிக்கொள்வேன். அதன் பயனைப் பின்னால் சொல்கிறேன்.

லியரின் வேலைமுறை இதுதான். விடியற்காலையில் கிளம்பி, இடத்தைத் தேர்ந்து, பென்சிலால் விரைவாக உருவங்களை அமைப்பார். அந்த உருவங்களுக்குள் வண்ணத்தையும் பொருளையும் சொற்களால் குறிப்பார். நாளும் மணியும் எண்ணும் இடுவார். பிறகு எழுந்து அடுத்த இடம். மாலையில் தங்கும் விடுதியிலோ, பல மாதம் கழித்துக் குளிர்காலத்தில் தன் அறையிலோ அமர்ந்து, பென்சில் கோடுகளின்மேலும் சொற்களின்மேலும் பழுப்பு மையால் எழுதி, குறிப்புகளைப் படித்துப் படித்து வண்ணம் ஏற்றுவார். பார்ப்பது ஓரிடத்தில், பூசுவது வேறோரிடத்தில்.

எனக்கு இது தெரிவதற்குமுன் நான் செய்ததைச் சொல்ல வேண்டும். கடற்கரைக் கோயிலை ஒரே அமர்வில் எழுதி முடித்துவிட வேண்டும் என்று காலை ஆறரை மணிக்கு உட்கார்வேன். ஏழரைக்கு நிழல் இடம் மாறிவிடும். நான் புதிய நிழலையும் பழைய நிழலையும் சேர்த்துப் பூசுவேன். கடற்காற்றின் ஈரத்தில் முதல் பூச்சு காயாது. காய்ந்ததாக எண்ணி இரண்டாவதைப் போட்டால், ஈரம் ஈரத்துக்குள் புகுந்து, காலிஃபிளவர் பூப்போல ஓரம் விரிந்த கறை விழும். அதை மறைக்க மூன்றாவது பூச்சு. ஒன்பது மணிக்கு என் கையில் இருப்பது சேற்று நிறத்தில் ஒரு தாள். இரண்டு ஆண்டுகளில் இப்படி நாற்பது தாள்கள் வீணாயின; பருத்தித் தாளின் விலையை நினைத்தால் இன்றும் மனம் வருந்துகிறது. சலித்துப்போய், கைபேசியில் ஒளிப்படம் எடுத்துவந்து வீட்டில் பார்த்துப் பூசினேன். அதுவும் பலிக்கவில்லை. கைபேசிப் படத்தில் நிழல் வெறும் கறுப்பு, வானம் வெறும் வெள்ளை. கண் அந்த நிழலுக்குள் கண்ட ஊதாவையும் செம்மையையும் கருவி விட்டுவிடுகிறது. கண் கண்டது எதுவென்று வீட்டுக்கு வந்தபின் நமக்கும் மறந்துவிடுகிறது.

ஊர் திரும்பியதும் லியரின் முறையை மாமல்லபுரத்திலேயே சோதித்தேன். இருபத்தைந்து நிமிடம் பென்சில். பத்து நிமிடம் சொற்கள். அவ்வளவுதான், எழுந்துவிட்டேன். ஆனால் முதல்முறை எழுதிய சொற்கள் எனக்கு உதவவில்லை. ‘இளம்பழுப்பு’, ‘கரும்பழுப்பு’, ‘சாம்பல்’ என்று பள்ளிப் பாடம்போல எழுதியிருந்தேன். மூன்று நாள் கழித்து அந்தச் சொற்களைப் படித்தபோது எந்த நிறமும் கண்முன் எழவில்லை.

இங்கே எனக்கு வழிகாட்டியவர் லியரின் சமையற்காரர். ஜியார்ஜியோ கோக்காலி என்ற இவர், சூலியோட் எனப்படும் மலைவாழ் இனத்தவர்; 1856 முதல் 1883இல் இறக்கும்வரை லியரிடம் பணிபுரிந்து, பயணங்களிலெல்லாம் உடன்சென்றவர். 1858 ஏப்ரலில் இருவரும் பாலைவனம் கடந்து, இன்றைய ஜோர்டானில் பாறையைக் குடைந்து அமைத்த பெட்ரா என்ற பழைய நகரத்தை அடைந்தபோது, அந்தப் பாறைகளைப் பார்த்த ஜியார்ஜியோ, சாக்லேட்டும் பன்றித்தொடை இறைச்சியும் கறிப்பொடியும் சால்மன் மீனும் கொண்டே செய்த உலகத்துக்கு வந்துவிட்டோம் என்றாராம். பெட்ராவின் பாறை அடுக்குகளைப் படத்தில் பார்த்தவர்கள் இந்தச் சொற்கள் எவ்வளவு துல்லியமானவை என்று அறிவார்கள். (அந்தப் பயணம் துயரமாகவே முடிந்தது. பல நாள் தங்கி வரைய நினைத்த இடத்தில், பணம் கேட்டுத் திரண்ட கூட்டம் லியரைச் சூழ்ந்துகொண்டு, காசு, பேனாக்கத்தி, கைக்குட்டை, அவித்த முட்டை வரை பைகளிலிருந்த அனைத்தையும் எடுத்துக்கொண்டது. மறுநாளே கிளம்ப வேண்டியதாயிற்று. அந்தச் சிறு பொழுதிலும் வரைந்துவிட்டார். விரைவான பென்சில் முறை இல்லையென்றால் பெட்ராவிலிருந்து அவர் கையில் ஒன்றுமே மிஞ்சியிருக்காது.)

ஜியார்ஜியோ செய்ததைத்தான் பிறகு நானும் செய்தேன். நிறத்துக்கு நிறத்தின் பெயரை எழுதுவதை விட்டு, நான் தினமும் கையால் தொடும் பொருளின் பெயரை எழுதினேன். வெயில் படாத கருங்கல்: சுக்குத் தூள். அலைத்துளி நனைத்த அடிக்கல்: பனங்கருப்பட்டி. கோபுரத்தின் கிழக்கு முகம், காலை ஏழு மணி: வறுத்த பயத்தம்பருப்பு. மாடத்துக்குள் நிழல்: நாவற்பழம் தின்ற நாக்கு. இந்தக் கடைசிச் சொல் எனக்குத் தோன்றியதன்று; எதிரே நின்ற ஒரு சிறுமி சொன்னது. மூன்று வாரம் கழித்து அந்தத் தாளை எடுத்தேன். ‘நாவற்பழம் தின்ற நாக்கு’ என்ற சொல்லைப் படித்ததும் அந்த நீல ஊதாவும் அதனடியில் தெரியும் இளஞ்சிவப்பும் அப்படியே கண்ணில் வந்து நின்றன. அல்ட்ராமரைன் நீலத்தில் சிறிது சிவப்புக் கலந்து, ஒரே பூச்சில் போட்டுவிட்டுத் தூரிகையைக் கீழே வைத்தேன். என் வாழ்நாளில் நான் பூசிய நிழல்களில் உயிருள்ள முதல் நிழல் அது.

இந்த முறையைக் கைக்கொள்ள விரும்புகிறவர்களுக்குச் சில நடைமுறைச் செய்திகள். மை நீரில் கரையாததாக இருக்க வேண்டும். கடைக்காரர் சொல்வதை மட்டும் நம்பாமல், துண்டுத் தாளில் கிறுக்கி, ஓர் இரவு காயவிட்டு, ஈரத் தூரிகையால் தேய்த்துப் பாருங்கள்; நான் சோதிக்காமல் வாங்கிய ஒரு புட்டி மை, நல்ல படம் ஒன்றை முழுவதுமாகக் கலக்கிவிட்டது. தாள் சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள பருத்தித் தாளானால் நீரில் அதிகம் நெளியாது. பென்சில் மிக மென்மையாக இருந்தால் கரி வண்ணத்தோடு கலந்து அழுக்காக்கும், ஹெச்பி போதும். வண்ணங்களும் அதிகம் வேண்டாம். அல்ட்ராமரைனும் பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பும் கலந்தால் வெதுவெதுப்பானதும் குளிர்ந்ததுமான எல்லாச் சாம்பலும் கிடைத்துவிடும். நம் ஊர்க் கருங்கல்லுக்கு அதைவிட வேறொன்றும் தேவைப்பட்டதில்லை. எழுதிய சொற்களை அழிக்காதீர்கள். அவை வண்ணத்துக்கு அடியில் தெரிவதால் படம் கெடுவதில்லை.

லியருக்கு வாழ்நாள் முழுவதும் பணத் தட்டுப்பாடு. 1862ஆம் ஆண்டின் கடைசியில் கோர்ஃபு தீவில் இருந்தபோது, விற்பனைக்கென்று அறுபது நீர்வண்ணப் படங்களை ஒரே நேரத்தில் தொடங்கினார். அறுபதுக்கும் முதலில் உருவமெழுதி, பிறகு ஒவ்வொரு வண்ணமாக வரிசையாக ஏற்றி, சுமார் இரண்டு மாதத்தில் முடித்தார். அவற்றுக்கு அவரே வைத்த பெயர் ‘கொடுங்கோலர்கள்’. கலை ஆய்வாளர் சிலர் இவற்றைத் தாழ்வாகப் பேசுகிறார்கள். அவற்றில் பல படங்கள் அவருடைய கள ஓவியங்களின் உயிர்ப்பை எட்டவில்லை என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் பயிற்சிக்கு அந்த வழி மிக நல்லது. நான் ஆறு தாள்களை வரிசையாக வைத்து, ஆறுக்கும் வானத்தை மட்டும் ஒரு காலையில் பூசினேன். முதல் தாளில் நடுங்கிய கை ஐந்தாவது தாளில் நீரின் அளவைத் தானே அறிந்துகொண்டது. ஒன்று காயும்வரை மற்றொன்றில் வேலை இருப்பதால், அவசரப்பட்டு ஈரத்தின்மேல் பூசும் தவறும் நின்றுபோனது.

லியரின் உடல்நிலையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஐந்து ஆறு வயதிலிருந்தே அவருக்குக் கைகால் வலிப்பு இருந்தது. அந்த நோயைப் பேய் பிடித்ததுபோலவும் ஒழுக்கக்கேட்டின் விளைவாகவும் மக்கள் கண்ட காலம். நெருங்கிய நண்பர்களுக்கும் தெரியாமல் மறைத்தே வாழ்ந்தார். வருவதை முன்கூட்டியே உணர்ந்து தனியறைக்குப் போய்விடுவார். வலிப்பு வந்த நாட்களில் நாட்குறிப்பில் பெருக்கல் குறி இட்டுவைத்தார். 1858 முதல் இறக்கும்வரை எழுதிய முப்பது நாட்குறிப்பேடுகள் இன்று ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் ஹௌட்டன் நூலகத்தில் உள்ளன. என் தம்பிக்கும் இந்த நோய் உண்டு. எங்கள் வீட்டிலும் அதைப் பல ஆண்டுகள் வெளியே சொல்லவில்லை. நரம்பியல் மருத்துவர் ஒருவர் அவனிடம், எந்த நாள், எத்தனை மணிக்கு, அதற்குமுன் தூக்கம் எப்படி என்று நாட்காட்டியில் குறித்துக்கொண்டு வரச்சொன்னார். அந்தக் குறிப்பைப் பார்த்துத்தான் மருந்தின் அளவை மாற்றினார். இன்றைய மருந்துகள் இல்லாத காலத்தில், அதே குறிப்பைத் தனக்குத்தானே எழுதிவந்த மனிதரை எண்ணும்போது என் கண் கலங்கியது. நாளும் மணியும் எண்ணுமாக ஓவியத் தாளில் இட்டதும், நாட்குறிப்பில் குறியிட்டதும் ஒரே கைதான்.

1873 நவம்பரில், அப்போதைய வைஸ்ராயும் தன் நண்பருமான நார்த்புரூக் பிரபுவின் அழைப்பில், 61 வயதில் லியர் பம்பாயில் வந்திறங்கினார். ஜியார்ஜியோவும் உடன்வந்தார். 1874 ஜனவரியில் டார்ஜிலிங்கிலிருந்து கஞ்சன்ஜங்காவை எழுதினார். அந்த ஆண்டின் பிற்பகுதியில் தெற்கே வந்து சென்னை, மாமல்லபுரம், காஞ்சிபுரம், திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், நீலகிரி என்று சுற்றினார். இலங்கையில் ஜியார்ஜியோவுக்குக் கடும் வயிற்றுக்கடுப்பு கண்டதும் பயணத்தை முடித்துக்கொண்டு புறப்பட்டார். கொண்டுபோன தாள்கள் 500க்கும் மேல். நான் நாற்பது தாள்களை வீணாக்கிய அதே கடற்கரையில், அதே ஈரக் காற்றில் அவரும் அமர்ந்திருக்கிறார் என்பதை நான் அறிந்தது ஆக்ஸ்ஃபோர்டில்தான்.

அவர் கள ஓவியங்கள் இவ்வளவு புதிதாக இருப்பதற்கு ஒரு காரணம், அவை சட்டமிட்டு மாட்டப்படாமல் உறைகளிலும் அலமாரிகளிலும் இருட்டில் கிடந்ததுதான். நீர்வண்ணம் வெளிச்சத்தில் வெளுக்கும் என்பதை ரஸ்ஸல், ஆப்னி என்ற இரு அறிவியலாளர்கள் சோதனை செய்து அறிக்கை வெளியிட்டது 1888இல். லியர் இறந்ததும் அதே ஆண்டுதான். இன்றும் அருங்காட்சியகங்கள் நீர்வண்ணப் படங்களுக்கு 50 லக்ஸ் அளவு வெளிச்சம் போதும் என்று வைத்திருக்கின்றன. உங்கள் வண்ணங்களைச் சோதிக்க வேண்டுமானால், ஒவ்வொன்றிலும் ஒரு பட்டை பூசி, பாதியைக் கெட்டி அட்டையால் மூடி, தெற்குச் சன்னலில் ஆறு மாதம் ஒட்டிவையுங்கள். என்னிடமிருந்த ரோசா நிறம் ஒன்று திறந்த பாதியில் இருந்த சுவடே தெரியாமல் போய்விட்டது. வரவேற்பறைச் சுவரில் வெயில் படும்படி நான் மாட்டியிருந்த படங்களை அன்றே கழற்றினேன்.

லியர் தன் கடைசி ஆண்டுகளை இத்தாலியின் சான் ரெமோவில் கழித்தார். டென்னிசனின் கவிதை வரிகளுக்கு இருநூறு நிலக்காட்சிகள் எழுதும் பெரிய திட்டம் முடியாமலே, 1888 ஜனவரி 29 அன்று இறந்தார். அவர் கல்லறைக்குப் பக்கத்திலேயே ஜியார்ஜியோவின் நினைவுக்கல்லும் இருக்கிறது. கள ஓவியங்களைத் தன் பெரிய படங்களுக்கான மூலப்பொருளாகவே அவர் கருதிவந்தார். இன்று அருங்காட்சியகங்கள் போற்றிக் காப்பது அவற்றைத்தான்.

சென்ற மாதம் தம்பியுடன் குன்னூர் போயிருந்தேன். மழைமேகம் இறங்கிக்கொண்டிருந்ததால் பதினெட்டு நிமிடமே கிடைத்தது. அந்தத் தாள் இப்போது மேசையில் இருக்கிறது. வண்ணம் இன்னும் ஏற்றவில்லை. மலைச்சரிவில் ‘ஊறிய வெந்தயம்’ என்றும், மேகத்தின் அடியில் ‘அரிசி களைந்த முதல் தண்ணீர்’ என்றும் எழுதியிருக்கிறேன். அதற்குக் கீழே தம்பி தன் கையெழுத்தில், நான் கவனிக்காமல் விட்ட ஓர் இடத்தைச் சுட்டி, ‘இரண்டாம் நாள் மருதாணி’ என்று எழுதியிருக்கிறான்.